பாலே டுட்டு: மேடையில் பிறந்து கடைவீதிக்கு வந்த பாவாடை – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டுட்டு என்பது சரியாக என்ன?

பாலே நடனப் பெண்கள் மேடையில் அணியும், பல அடுக்கு வலைத்துணியால் ஆன பாவாடையையும் அதனோடு சேர்ந்த இறுக்கமான மேற்சட்டையையும் சேர்த்தே டுட்டு என்கிறார்கள். பேச்சு வழக்கில் பாவாடையை மட்டும் குறிப்பதும் உண்டு. இதில் இரண்டு பெரிய வகைகள் உள்ளன. முழங்காலுக்குக் கீழே, கெண்டைக்கால் வரை மணி போல இறங்கும் நீண்ட வகைக்கு ரொமாண்டிக் டுட்டு என்று பெயர். இடுப்பிலிருந்து தட்டையாகப் பக்கவாட்டில் நீண்டு, கால் முழுவதையும் வெளிக்காட்டும் குட்டை வகை கிளாசிக்கல் டுட்டு எனப்படுகிறது. குட்டை வகையிலும் உள்ளே கம்பி வளையம் வைத்து விறைப்பாக நிற்பது, வளையம் இல்லாமல் தளர்வாகச் சற்றே சாய்ந்திருப்பது, பிரெஞ்சு ஓவியர் எட்கர் டெகாவின் ஓவியங்களில் தெரிவது போல முழங்காலைத் தொட்டும் தொடாமலும் நிற்பது எனப் பல உட்பிரிவுகள் இருக்கின்றன.

டுட்டு வருவதற்கு முன் பாலே ஆடிய பெண்கள் என்ன உடுத்தினார்கள்?

அரசவையில் எதை உடுத்தினார்களோ அதன் பகட்டான வடிவத்தையே மேடையிலும் உடுத்தினார்கள். பாலே பிரெஞ்சு அரசவையில் வளர்ந்த கலை. பதினான்காம் லூயி மன்னரே 1653இல் ‘பாலே த லா நுயி’ என்ற நிகழ்ச்சியில் சூரியனாக வேடமிட்டு ஆடியவர். பாரிஸ் ஓபரா மேடையில் தொழில்முறை நடனப் பெண்கள் முதன்முதலில் தோன்றிய ஆண்டு 1681. அதன் பின் ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்கு, தரையைத் தொடும், பின்னாளில் இடுப்பின் இருபுறமும் சட்டம் கட்டி விரித்த, கனத்த பட்டுப் பாவாடைகளோடுதான் அவர்கள் ஆடினார்கள். அந்த உடையில் கைகளும் மேலுடலும் ஆடலாம். கால் என்ன செய்கிறது என்பது பார்ப்பவருக்குத் தெரியாது.

இதை மாற்றியவர்களில் இருவரைக் குறிப்பிட வேண்டும். 1726இல் பாரிஸ் ஓபராவில் அறிமுகமான மரி கமார்கோ, காற்றில் எழும்பிக் கால்களை ஒன்றோடொன்று மாற்றித் தட்டும் வேகமான அடவுகளில் வல்லவர். அந்தத் திறமை கண்ணில் படுவதற்காகப் பாவாடையைக் கணுக்காலுக்கு மேல் உயர்த்தினார். அவருடைய போட்டியாளரான மரி சாலே 1734இல் லண்டனில், பக்கச் சட்டமும் பொய்முடியும் இல்லாமல், கிரேக்கச் சிலைகளைப் போல உடலைத் தழுவும் மஸ்லின் ஆடையோடு ஆடினார். ஒருவர் உயரத்தைக் குறைத்தார், மற்றவர் எடையைக் குறைத்தார். இந்த இரண்டு போக்குகளும் நூறு ஆண்டுகளுக்குப் பிறகு ஒரே ஆடையில் வந்து சேர்ந்தன.

முதல் டுட்டுவை அணிந்தவர் மரி தாலியோனி என்பது உண்மையா?

பெரும்பாலான நூல்கள் அப்படித்தான் சொல்கின்றன. ஒரு எல்லை வரை அது சரி. 1832 மார்ச் 12 அன்று பாரிஸ் ஓபராவில் ‘லா சில்ஃபீட்’ அரங்கேறியது. தந்தை ஃபிலிப்போ தாலியோனி தம் மகள் மரிக்காகவே அமைத்த நடன நாடகம் அது. ஸ்காட்லாந்து இளைஞன் ஒருவனை மயக்கும் காற்றுத் தேவதையாக மரி ஆடினார். கெண்டைக்கால் வரை இறங்கும் வெண்ணிற மணிவடிவப் பாவாடை, தோள் திறந்த இறுக்கமான மேற்சட்டை, முதுகில் சிறிய இறக்கைகள், கழுத்திலும் கையிலும் முத்துகள் ஆகியவையே அவருடைய ஒப்பனை. இதை வடிவமைத்தவர் ஓவியர் யூஜீன் லாமி என்று கருதப்படுகிறது. முந்தைய ஆண்டு இசையமைப்பாளர் மெயர்பேரின் ‘ராபர்ட் லெ தியாபிள்’ ஓபராவில், கல்லறையிலிருந்து எழும் கன்னியாஸ்திரீகளின் ஆவியாட்டத்தில் வெள்ளை உடைக் கூட்டம் ஏற்கெனவே பாரிஸைக் கவர்ந்திருந்தது. 1841இல் கார்லோட்டா கிரிஸி ஆடிய ‘ஜிஸெல்’ வந்தபோது, இரண்டாம் அங்கம் முழுவதும் வெள்ளை டுட்டு அணிந்த ஆவிப் பெண்களால் நிரம்பியது.

ஆனால், அந்த உடையை வானத்திலிருந்து இறங்கிய புதுமையாகக் கொள்ள முடியாது. 1830களில் பாரிஸின் செல்வந்தப் பெண்கள் மாலை விருந்துகளுக்கு உடுத்திய கவுனை எடுத்துப் பாருங்கள்: ஒடுங்கிய இடை, வெளித்தெரியும் தோள்கள், மணிபோல் விரியும் பாவாடை. லாமியின் உடை அதே வெட்டுதான். நீளத்தைச் சற்றுக் குறைத்து, நிறத்தை வெள்ளையாக்கி, துணியை மெல்லியதாக்கியிருக்கிறார், அவ்வளவே. டுட்டு ஃபேஷனுக்குக் கொடுத்ததைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். அது முதலில் ஃபேஷனிடமிருந்து வாங்கியது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

அவ்வளவு மெல்லிய துணி திடீரென்று எங்கிருந்து கிடைத்தது?

இயந்திரத்திலிருந்து. வலைத்துணியைக் கையால் பின்னிய காலத்தில் அதை மேடைக் கூட்டத்துக்கு அடுக்கடுக்காக அணிவிப்பது எந்த அரங்குக்கும் கட்டுப்படியாகாது. 1809இல் ஜான் ஹீத்கோட் என்ற ஆங்கிலேயர், அறுகோணக் கண்களுடைய வலையைப் பின்னும் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். 1816இல் இயந்திர எதிர்ப்பாளர்களான லட்டைட்டுகள் லஃபரோவில் இருந்த அவருடைய ஆலையை உடைத்து நொறுக்கியதும், அவர் தொழிலை டெவன் பகுதியின் டிவர்ட்டன் ஊருக்கு மாற்றிக்கொண்டார். இயந்திரம் நிற்கவில்லை, வலைத்துணியின் விலை சரிந்தது. நம் வீடுகளில் கொசுவலையாகத் தொங்குவதும், மணப்பெண்ணின் முக்காடாக விழுவதும், டுட்டுவாக அடுக்கப்படுவதும் ஒரே குடும்பத்துத் துணிகள்தான். தொடக்க காலத்தில் டுட்டுக்கு மஸ்லினும், கஞ்சியால் விறைப்பேற்றிய டார்லட்டன் என்ற பருத்தித் துணியும் அதிகம் பயன்பட்டன. கஞ்சி வியர்வையில் நனைந்ததும் பாவாடை துவண்டுவிடும். 20ஆம் நூற்றாண்டில் நைலான் வலை வந்த பிறகே இந்தத் தொல்லை தீர்ந்தது.

இதோடு சேர்ந்து இன்னொரு மாற்றமும் நிகழ்ந்தது. பாரிஸ் ஓபராவில் 1822இல் எரிவாயு விளக்கு வந்தது. மெழுகுவர்த்தியையும் எண்ணெய் விளக்கையும் போலன்றி, எரிவாயுவின் ஒளியைத் தேவைக்கேற்பக் கூட்டவும் குறைக்கவும் முடியும். மங்கிய நீல வெளிச்சத்தில் நிலவொளிக் காட்டை உருவாக்க முடிந்ததும், அந்த ஒளியைத் தன்னுள் வாங்கி மிளிரும் வெள்ளை வலைத்துணிக்கு மேடையில் தனி மதிப்பு உண்டாயிற்று. தாலியோனியைப் போலக் கால்விரல் நுனியில் நின்று ஆடும் கலை, இயந்திர வலை, எரிவாயு விளக்கு ஆகிய மூன்றும் ஒரே தலைமுறையில் கூடியிராவிட்டால் ‘லா சில்ஃபீட்’ சாதாரணமான ஒரு கதையாகவே கடந்து போயிருக்கும்.

டுட்டு அணிந்தவர்கள் தீயில் இறந்ததாகச் சொல்கிறார்களே?

அது வதந்தியல்ல. திறந்த சுடரும் காற்றில் மிதக்கும் பருத்தி வலையும் ஒரே மேடையில் இருந்தால் என்ன ஆகும் என்பதை 19ஆம் நூற்றாண்டு மீண்டும் மீண்டும் கண்டது. 1844 டிசம்பரில் லண்டன் ட்ரூரி லேன் அரங்கில், ஆடிக்கொண்டிருந்த கிளாரா வெப்ஸ்டரின் பாவாடை விளக்கில் பட்டுத் தீப்பற்றியது. சில நாட்களில் அவர் இறந்தார். 1861 செப்டம்பரில் அமெரிக்காவின் ஃபிலடெல்பியாவில், அரங்கின் உடைமாற்றும் அறையில் ஒருவரது ஆடையில் பற்றிய தீ அடுத்தடுத்தவருக்குப் பரவி, கேல் சகோதரிகள் உட்படக் குறைந்தது 6 நடனப் பெண்களின் உயிரைக் குடித்தது.

மிக அதிகமாகப் பேசப்படுவது எம்மா லிவ்ரியின் முடிவு. மரி தாலியோனி தம் வாரிசாகவே கருதிப் பயிற்றுவித்த இளம் நடனமணி அவர். தாலியோனி அவருக்காக 1860இல் அமைத்த ‘லெ பாப்பியோன்’ நாடகத்தில், சுடரால் கவரப்பட்டு இறக்கை கருகும் வண்ணத்துப்பூச்சியாக ஆடினார். 1862 நவம்பர் 15 அன்று பாரிஸ் ஓபராவில் வேறொரு நாடகத்துக்கான ஒத்திகையின்போது, அவருடைய பாவாடை எரிவாயு விளக்கைத் தொட்டது. எட்டு மாதங்கள் புண்களோடு போராடி, 1863 ஜூலை 26 அன்று அவர் இறந்தபோது வயது இருபதைச் சற்றே கடந்திருந்தது.

தடுக்க வழியில்லாமல் நடந்ததல்ல இது. துணியைத் தீப்பிடிக்காத வகையில் பதப்படுத்தும் கார்ட்டரோன் முறை அப்போதே இருந்தது. 1859இல் பிரெஞ்சு அரசு அதை அரங்குகளுக்குக் கட்டாயமாக்கியும் இருந்தது. பதப்படுத்திய துணி விறைத்து, பழுப்பேறி, மேடையில் அழுக்காகத் தெரிந்தது. தம் வழக்கமான பாவாடையிலேயே ஆடுவேன் என்று லிவ்ரி நிர்வாகத்துக்கு எழுத்து மூலமாகவே தெரிவித்திருந்தார். இதைப் பெண்களின் அழகு மோகம் என்று எழுதியவர்கள் உண்டு. அது நியாயமற்ற பேச்சு என்றே சொல்ல வேண்டும். எடையற்ற தேவதையாகத் தெரிவதற்காகவே சம்பளம் கொடுத்த ஒரு தொழிலில், சாக்குப் பை போன்ற பாவாடையை ஏற்பது ஆடுபவருக்கு எளிதான தேர்வல்ல. ஆபத்தைக் குறைத்தது மின்விளக்கு. 1881இல் லண்டனின் சவாய் அரங்கு முழுவதும் மின்னொளிக்கு மாறியது. மற்ற அரங்குகளும் பின்தொடர்ந்தன.

நீண்ட பாவாடை குட்டையானது ஏன்?

ஆட்டம் மாறியது, ஆகவே ஆடை மாறியது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பாலேயின் மையம் பாரிஸிலிருந்து ரஷ்யாவின் சென்ட் பீட்டர்ஸ்பர்குக்கு நகர்ந்தது. அங்கே மரியுஸ் பெட்டிபா நடனங்களை அமைக்க, மிலானில் கடுமையான பயிற்சி பெற்ற இத்தாலியப் பெண்கள் வந்து ஆடினார்கள். 1885இல் வந்த விர்ஜீனியா ஸுக்கி, அரச அரங்கின் நீளப் பாவாடையை ஏற்காமல் குட்டையானதையே அணிவேன் என்று பிடிவாதம் பிடித்தார். அடுத்து வந்த பியரினா லெனியானி, ஒற்றைக் காலில் நின்று மற்றொரு காலால் சாட்டை வீசுவது போல 32 முறை தொடர்ந்து சுழலும் ஃபுவெட்டே அடவைக் கொண்டுவந்தார். 1895இல் ‘ஸ்வான் லேக்’ நாடகத்தில் அவர் ஆடிய அந்தச் சுழற்சி இன்றுவரை அந்தப் பாத்திரத்தின் அளவுகோலாக இருக்கிறது. முழங்கால் மடிவதும் தொடை திரும்புவதும் தெரியாவிட்டால் 32 சுழற்சிக்கும் அரங்கில் அர்த்தமில்லை. ஆக, டுட்டு மேலேறியதற்குக் கவர்ச்சியை மட்டும் காரணமாகச் சொல்பவர்கள் பாதியைத்தான் சொல்கிறார்கள்.

மீதிப் பாதியையும் மறைக்க வேண்டியதில்லை. பாரிஸ் ஓபராவில் சந்தா கட்டிய செல்வந்த ஆண்கள், மேடைக்குப் பின்னுள்ள நடன அறைக்குள் சென்று நடனப் பெண்களோடு பழகும் உரிமை பெற்றிருந்தார்கள். அவர்களில் பலருக்குப் பாவாடையின் உயரம் கலை சம்பந்தப்பட்ட விஷயமாக இருக்கவில்லை.

டெகாவின் ஓவியங்களில் வருவது எந்த வகை டுட்டு?

இரண்டுக்கும் இடைப்பட்ட வகை. ரொமாண்டிக் டுட்டுவைவிடக் குட்டை, இன்றைய தட்டை வடிவத்தைவிட நீளம், டார்லட்டனால் ஆனது. எட்கர் டெகா ஒத்திகை அறையையும் மேடையோரத்தையும் நூற்றுக்கணக்கான படைப்புகளில் பதித்தார். கறுப்பு மேலங்கி அணிந்து தூணோரம் நிற்கும் சந்தாதாரர்களையும் அவர் விட்டுவைக்கவில்லை. 1881இல் அவர் காட்சிக்கு வைத்த ‘பதினான்கு வயதுச் சிறு நடனக்காரி’ மெழுகுச் சிலைக்கு உண்மையான துணிப் பாவாடையும் மேற்சட்டையும் உண்மையான முடியும் அணிவித்திருந்தார். மாதிரியாக நின்றவர் ஓபராவின் மாணவி மரி வான் கோத்தெம். சிலைக்குத் துணி உடுத்துவதா என்று விமர்சகர்கள் முகம் சுளித்தார்கள். டெகா 1917இல் இறந்த பிறகு வார்க்கப்பட்ட வெண்கலப் பிரதிகள் பல அருங்காட்சியகங்களில் உள்ளன. அவற்றின் துணிப் பாவாடைகள் நைந்துபோகும்போது மாற்றப்படுவதால், ஊருக்கு ஊர் அந்தச் சிறுமியின் பாவாடை நீளம் வேறுபடுகிறது. மூல மெழுகுச் சிலை வாஷிங்டன் தேசிய ஓவியக்கூடத்தில் இருக்கிறது.

ஒரு டுட்டு எப்படித் தைக்கப்படுகிறது?

மேலோட்டமாகப் பார்த்தால் பஞ்சு போலத் தெரியும் இந்த உடை, உள்ளே ஒரு கட்டுமானம். இடுப்பிலிருந்து பிட்டத்தின் மேற்பகுதி வரை இறுகப் பொருந்தும் ஒரு பட்டி முதலில் வெட்டப்படுகிறது. அதன் கீழே உள்ளாடை போன்ற ஒரு சிறு கால்சட்டை இணைகிறது. அந்தக் கால்சட்டையின் மீதுதான் வலை அடுக்குகள் ஒவ்வொன்றாகச் சுருக்கித் தைக்கப்படுகின்றன. பொதுவாக 10 முதல் 12 அடுக்குகள் இருக்கும். மிகக் கீழே, தொடைக்கு அருகில் உள்ள அடுக்கு சில சென்டிமீட்டர் அகலமே கொண்டது. மேலே போகப்போக அகலம் கூடி, உச்சி அடுக்கு ஏறத்தாழ 40 சென்டிமீட்டர் வரை நீளும். கீழ் அடுக்குகள் மேல் அடுக்குகளைத் தாங்கி நிறுத்துகின்றன என்பதுதான் இதன் சூட்சுமம். இன்னும் விறைப்பு வேண்டுமானால் நடு அடுக்கு ஒன்றில் மெல்லிய எஃகு வளையம் கோக்கப்படும். கடைசியில் எல்லா அடுக்குகளையும் நீளமான, தளர்ந்த கைத்தையலால் ஒன்றோடொன்று பிணைக்கிறார்கள். தையல் இறுகினால் பாவாடை அட்டை போல உயிரற்றுப் போகும், தளர்ந்தால் தொங்கிவிடும். ஆடும்போது எழும் அந்தச் சிறு துள்ளல் இந்த இடத்தில்தான் தீர்மானமாகிறது.

மேற்சட்டை தனி வேலை. பல துண்டுகளாக வெட்டி, எலும்புக் குச்சிகள் வைத்து உடலோடு ஒட்டும்படி தைத்து, முதுகு வளையும்போது தடை செய்யாதபடி பாவாடைப் பட்டியோடு சில இடங்களில் மட்டும் பிணைக்கிறார்கள். பின்புறத்தில் ஜிப் வைப்பதில்லை. ஜிப் ஆட்டத்தின் நடுவே பிய்ந்தால் அதோடு முடிந்தது. கொக்கிகளில் ஒன்று போனாலும் மற்றவை தாங்கும். கொக்கிகளுக்கான கண்களை இரண்டு மூன்று வரிசையாகத் தைப்பதால் ஒரே டுட்டுவை வெவ்வேறு உடல்வாகுள்ள நடனப் பெண்கள் அணிய முடிகிறது. சரிகை, கல், இறகு ஆகிய அலங்காரங்கள் இதற்கெல்லாம் பிறகு. முழு வேலைக்கும் பல பத்து மணி நேரக் கைத்தையல் தேவைப்படுவதால், பெரிய நடனக் குழுக்களின் தையல்கூடங்களில் இதற்கென்றே தேர்ந்த கைகள் இருக்கின்றன.

டுட்டு அணிந்தால் ஆடுவது கடினமா?

பழக்கம் வேண்டும். தட்டையான டுட்டு அணிந்தவருக்குத் தம் பாதங்கள் தெரியாது. தூக்கிப் பிடிக்கும் ஆண் நடனக்காரருக்கும் விளிம்பு குறுக்கே நிற்கும். அதை நசுக்காமல் இடுப்பைப் பிடிக்கக் கை தனியே பழக வேண்டும். இதனால்தான் ஒத்திகைக்கென்று அலங்காரமற்ற பயிற்சி டுட்டு வைத்திருக்கிறார்கள்.

பவுடர் பஃப் டுட்டு என்பதை உருவாக்கியவர் யார்?

பார்பரா கரின்ஸ்கா. 1886இல் கார்கிவ் நகரில் பிறந்து, ரஷ்யப் புரட்சிக்குப் பின் பாரிஸ், லண்டன் வழியாக நியூயார்க் சேர்ந்த இந்தத் தையற்கலைஞர், நடன அமைப்பாளர் ஜார்ஜ் பாலன்ஷினோடு பல பத்தாண்டுகள் பணியாற்றினார். பாலன்ஷினின் நடனங்களில் பெண்கள் கூட்டமாக, நெருங்கி, வேகமாக நகர்வார்கள். கம்பி வளையம் உள்ள டுட்டுகள் ஒன்றையொன்று இடிக்கும். ஒன்று சாய்ந்தால் வரிசையே குலைந்ததாகத் தெரியும். 1950இல் நியூயார்க் சிட்டி பாலேயின் ‘சிம்ஃபனி இன் சி’ நடனத்துக்காகக் கரின்ஸ்கா வளையத்தையே எடுத்துவிட்டு, அடுக்குகளைக் குறைத்து, ஒவ்வோர் அடுக்கும் அடுத்ததன் மீது மென்மையாகப் படியும்படி தைத்தார். முகத்துக்குப் பவுடர் ஒற்றும் பஞ்சு போல இருந்ததால் அந்தப் பெயர் வந்தது. வரலாற்றுப் புத்தகங்களில் தாலியோனிக்குக் கிடைக்கும் பக்கங்களில் பாதியாவது இவருக்குக் கிடைத்திருக்க வேண்டும். இன்று உலகின் பல மேடைகளில் ஆடும் டுட்டு, வடிவத்தில் இவருடைய பிள்ளைதான்.

டுட்டுவை எதிர்த்த நடனக் கலைஞர்கள் இருந்தார்களா?

இருந்தார்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இசடோரா டங்கன் மேற்கச்சையையும் காலணியையும் களைந்து, தளர்ந்த அங்கியில் வெறுங்காலோடு ஆடினார். எகிப்தியக் கதைக்கும் இந்தியக் கதைக்கும் ஒரே குட்டைப் பாவாடையா என்று ரஷ்ய நடன அமைப்பாளர் மிகைல் ஃபோகின் கேட்டார். அவர் பணியாற்றிய பாலே ரூஸ் என்ற ரஷ்ய நடனக் குழுவில் லெயோன் பாக்ஸ்ட் வடிவமைத்த கீழைத்தேய உடைகள் பாரிஸையே புரட்டிப் போட்டன. வேடிக்கை என்னவென்றால், டுட்டு அணிந்த உருவங்களில் உலகம் மிக அதிகமாக நினைவில் வைத்திருக்கும் ‘இறக்கும் அன்னம்’ தனிநடனத்தை ரஷ்ய பாலே நட்சத்திரம் அன்னா பாவ்லோவாவுக்கு அமைத்துக் கொடுத்தவரும் இதே ஃபோகின்தான்.

பாவ்லோவாவைப் பற்றிச் சொல்லும்போது சென்னையோடு உள்ள தொடர்பையும் சொல்லிவிடலாம். 1920களின் இறுதியில் பாவ்லோவாவின் நட்பைப் பெற்ற ருக்மிணி தேவி அருண்டேல், அவருடைய குழுவைச் சேர்ந்த கிளியோ நோர்டியிடம் பாலே கற்கத் தொடங்கினார். உன் சொந்த நாட்டின் கலையைத் தேடு என்று பாவ்லோவா சொன்ன அறிவுரை அவரை, இன்று பரதநாட்டியம் எனப்படும் சதிரின் பக்கம் திருப்பியது. 1936இல் அடையாறில் கலாக்ஷேத்ரா பிறந்தது.

ஃபேஷனில் டுட்டுவின் செல்வாக்கு எப்போது தொடங்கியது?

தாலியோனியின் காலத்திலேயே. ‘லா சில்ஃபீட்’ பெயரில் 1839இல் பாரிஸில் ஒரு பெண்கள் ஃபேஷன் இதழே தொடங்கப்பட்டது. ஆனால், அப்போது மேடையுடையும் விருந்துடையும் ஒன்றையொன்று ஒத்திருந்ததால் யார் யாரைப் பின்பற்றினார்கள் என்று பிரித்துச் சொல்வது கடினம். பிற்பாடு டுட்டு குட்டையாகித் தட்டையானதும் அது தெருவிலிருந்து முற்றிலும் விலகியது. எந்தக் கண்ணியமான பெண்ணும் அணிய முடியாத, மேடைக்கு மட்டுமே உரிய சீருடையாயிற்று.

மீண்டும் நெருக்கம் ஏற்பட்டது 1930களில். ரஷ்ய நடனக் குழுக்கள் ஐரோப்பாவையும் அமெரிக்காவையும் சுற்றிவந்து பாலே மீது ஒரு பித்தையே உண்டாக்கின. வலைத்துணியால் ஆன மாலைக் கவுன்கள் பாரிஸ் ஆடை இல்லங்களில் பெருகின. பிறகு போர். துணியும் தோலும் பங்கீட்டில் கிடைத்த காலத்தில், அமெரிக்க வடிவமைப்பாளர் கிளேர் மெக்கார்டெல், கபேசியோ நிறுவனத்தின் பாலே காலணிக்குத் தெருவில் நடக்கத்தக்க அடிப்பாகம் வைத்துத் தம் ஆடைகளோடு அணிவித்தார். இன்று நாம் ‘பாலே ஃபிளாட்’ என்று வாங்கும் தட்டைச் செருப்பின் வழி அங்கிருந்து தொடங்குகிறது. 1956இல் ரெப்பெட்டோ நிறுவனம் பிரெஞ்சு நடிகை பிரிஜித் பார்தோவுக்குச் செய்து கொடுத்த ஜோடி அதை உலகறியச் செய்தது.

1947 பிப்ரவரியில் பாரிஸ் ஆடை வடிவமைப்பாளர் கிறிஸ்தியான் தியோர் தம் முதல் தொகுப்பைக் காட்டினார். போர்க்காலச் சிக்கனத்துக்கு எதிராக, ஒடுங்கிய இடையும் மீட்டர் கணக்கில் துணி விழுங்கும் பாவாடையும் கொண்ட அந்தத் தோற்றம், தாலியோனி காலத்து உருவரையை நேராக மீட்டெடுத்தது; பாவாடை நிமிர்ந்து நிற்க உள்ளே வலை அடுக்குகள் வேண்டியிருந்தன. 1949இல் வந்த அவருடைய ‘ஜூனோன்’ கவுன், இதழ் இதழாக மினுக்குத் தகடு பதித்த வலையால் ஆனது. பாலே நட்சத்திரம் மார்கோ ஃபான்டெய்ன் மேடைக்கு வெளியே தியோரின் ஆடைகளை விரும்பி அணிந்தார். அந்தப் பத்தாண்டில் மேற்குலகின் பள்ளி நடன விருந்துக்குப் போன இளம்பெண்களும் மணப்பெண்களும் வலைப் பாவாடையில் மிதந்தார்கள். மேடைக் கலையின் ஓர் உருவம் நடுத்தர வர்க்கத்தின் உடைப்பெட்டிக்குள் இவ்வளவு ஆழமாகச் சென்ற காலம் அதற்கு முன் இல்லை.

பங்க் என்ற 1970களின் கலக இசை, உடைப் போக்குக்குப் பிறகு டுட்டு எப்படி மாறியது?

இனிமையை வைத்துக்கொண்டு எரிச்சலூட்டும் ஆயுதமாக மாறியது. 1985இல் ஆங்கிலேய வடிவமைப்பாளர் விவியன் வெஸ்ட்வுட் ‘மினி-கிரினி’ என்ற குட்டை வளையப் பாவாடையைக் கொண்டுவந்தார். விக்டோரியா காலத்தின் கிரினோலின் என்ற பெரிய வளையப் பாவாடையையும் டுட்டுவையும் கலந்த அதற்கு ‘பெட்ருஷ்கா’ பாலே தூண்டுதலாக இருந்தது. 1998இல் தொடங்கிய ‘செக்ஸ் அண்ட் தி சிட்டி’ தொடரின் முகப்பில் சாரா ஜெசிகா பார்க்கர் அணிந்து நடக்கும் வெளிர் பாவாடை, உடையமைப்பாளர் பாட்ரீசியா ஃபீல்டு 5 டாலர் தள்ளுபடிக் கூடையில் கண்டெடுத்தது. அணிந்த பெண் நடனக்காரியல்ல, பகல் நேரத் தெருவில் போகிறாள், பேருந்து சேற்றை வாரியடிக்கிறது. இந்த மூன்றும் சேர்ந்துதான் டுட்டுவை அன்றாட உடையாகக் கற்பனை செய்ய வழிவிட்டன. 2001 ஆஸ்கர் விழாவுக்கு ஐஸ்லாந்துப் பாடகி பியோர்க் அணிந்துவந்த, மார்யான் பெயோஸ்கி வடிவமைத்த அன்ன உடையை அன்று எல்லோரும் கேலி செய்தார்கள். இன்று அது அருங்காட்சியகப் பொருளாகப் போற்றப்படுகிறது. 2010 கோடைக்கான தொகுப்பில் விக்டர் அண்ட் ரால்ஃப் என்ற வடிவமைப்பாளர் இணையர் வலைக் கவுன்களைக் குறுக்கே வெட்டி, நடுவில் துளையிட்டுக் காட்டினார்கள். அளவுக்கு மீறிய வலைச் சுருக்கங்களையே தம் அடையாளமாக்கிக்கொண்ட லண்டன் வடிவமைப்பாளர் மோலி கோடார்டையும் இந்த வரிசையில் சேர்க்க வேண்டும்.

செரீனா வில்லியம்ஸ் டென்னிஸ் ஆடியபோது அணிந்த டுட்டு, தடைக்குப் பதிலடியா?

செய்தி அப்படிப் பரவியது, காலவரிசை ஒத்துவரவில்லை. 2018 பிரெஞ்ச் ஓபனில் அவர் அணிந்த உடலொட்டிய கறுப்பு உடை இனி ஏற்கப்படாது என்று பிரெஞ்சு டென்னிஸ் கூட்டமைப்பின் தலைவர் ஆகஸ்ட் மாத இறுதியில் பேட்டியளித்தார். வடிவமைப்பாளர் வர்ஜில் அப்லோவும் நைக்கியும் சேர்ந்து வடிவமைத்த டுட்டு உடையோ அதற்கு முன்பே அறிவிக்கப்பட்டிருந்தது. சில நாட்களில் அமெரிக்க ஓபனில் அவர் அதை அணிந்து ஆடியதும் இரண்டையும் இணைத்துப் பார்ப்பது எல்லோருக்கும் இயல்பாகிவிட்டது.

ஃபேஷன் வடிவமைப்பாளர்கள் பாலேக்கு உடை அமைத்தால் நன்றாக இருக்குமா?

சில சமயம். கப்ரியேல் ஷானெல் 1924இல் பாலே ரூஸின் ‘லெ த்ரேன் ப்ளூ’ நடனத்துக்கு நீச்சலுடை போன்ற பின்னலாடைகளைக் கொடுத்தார். அதில் டுட்டுவே இல்லை. கிறிஸ்தியான் லக்ருவா 1988இல் அமெரிக்கன் பாலே தியேட்டருக்கும் பின்னர் பாரிஸ் ஓபராவுக்கும் அமைத்த உடைகள் மேடையின் தேவையைப் புரிந்தவை. கார்ல் லாகர்ஃபெல்டு 2009இல் இங்கிலிஷ் நேஷனல் பாலேயின் ‘இறக்கும் அன்ன’த்துக்கு இறகு டுட்டு தந்தார். 2010இல் ‘பிளாக் ஸ்வான்’ திரைப்படத்துக்கு ரோடார்ட்டே ஆடை நிறுவனத்தின் சகோதரிகள் பங்களித்தார்கள். 2012இலிருந்து நியூயார்க் சிட்டி பாலே இலையுதிர்காலத்தில் நடத்தும் ஃபேஷன் விழா, வாலென்டினோவில் தொடங்கிப் பலரை அழைத்திருக்கிறது.

பிரச்சினை எங்கே வருகிறது என்றால், ஃபேஷன் டுட்டுவின் உருவரையை எடுத்துக்கொள்கிறதே தவிர அதன் பொறியியலை எடுத்துக்கொள்வதில்லை. நடைமேடையில் ஓர் ஆடை இருபது அடி முன்னால் நடந்து திரும்பினால் போதும். பாலே மேடையில் அதே ஆடை குதிக்க வேண்டும், ஒருவர் தோளுக்கு மேல் தூக்கப்பட வேண்டும், வியர்வையில் ஊற வேண்டும், மறுநாள் வேறொருவருக்குப் பொருந்த வேண்டும். படத்தில் அற்புதமாகத் தெரியும் கனத்த அலங்காரம், முதல் தூக்கலிலேயே சகநடனக்காரரின் கையைக் கிழிக்கும். வடிவமைப்பாளரின் வரைபடத்தை ஆடக்கூடிய உடையாக மாற்றித் தருபவர்கள் குழுவின் தையல்கூடத்தினர். விழா அழைப்பிதழில் அவர்கள் பெயர் அச்சாவது அபூர்வம்.

ஆண்கள் டுட்டு அணிவதுண்டா?

உண்டு. 1974இல் நியூயார்க்கில் தோன்றிய லெ பாலே ட்ரோக்கடெரோ த மோன்டே கார்லோ குழுவில் எல்லாப் பாத்திரங்களையும் ஆண்களே டுட்டுவும், விரல்நுனியில் நிற்க உதவும் பாயிண்ட் காலணியும் அணிந்து ஆடுகிறார்கள். நகைச்சுவைதான் நோக்கம், ஆனால் அடவுகளில் கேலி இல்லை. 32 ஃபுவெட்டேயும் உண்டு.

குழந்தைகளுக்குக் கடையில் கிடைக்கும் டுட்டு உண்மையான டுட்டுவா?

இல்லை. எலாஸ்டிக் பட்டியில் இரண்டு மூன்று அடுக்கு மென்வலையைச் சுருக்கிய பாவாடை அது. பிறந்தநாளுக்கு அழகு; தட்டையாக நிற்காது. பாலே வகுப்பில் சேர்க்கும் எண்ணம் இருந்தால் முதலில் பள்ளியைக் கேளுங்கள்: இடுப்பும் முழங்காலும் ஆசிரியர் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதால் பல பள்ளிகள் வகுப்பில் வலைப் பாவாடையை அனுமதிப்பதில்லை.

டுட்டுவைத் துவைப்பது எப்படி?

முடிந்தவரை துவைப்பதில்லை. நீரில் நனைந்தால் வலையின் விறைப்புப் போகும், வளையம் இருந்தால் துருப்பிடிக்கும், சாயம் ஓடும். கழற்றித் துவைக்கக்கூடிய அக்குள் பட்டைகளை உள்ளே வைத்து வியர்வையைத் தாங்கச் செய்கிறார்கள். வாடை அடித்தால் வோட்காவை நீரில் கலந்தோ கலக்காமலோ தெளித்து உலரவிடுவது அரங்க உடைக்காப்பாளர்களின் பழைய வழக்கம். சுருங்கிய அடுக்குகளை நீராவி காட்டி விரலால் பிரித்து விடுவார்கள். சாதாரண ஹேங்கரில் நேராகத் தொங்கவிட்டால் அடுக்குகள் கீழ்நோக்கிப் படிந்துவிடும். ஆகவே தலைகீழாகத் தொங்கவிடுவார்கள், அல்லது ஒன்றன் மேல் ஒன்றாகத் தட்டையாக அடுக்குவார்கள். வெளியூர் நிகழ்ச்சிக்கு எடுத்துச் செல்ல, வட்டமான தட்டைப் பைகள் தனியே கிடைக்கின்றன.